முன் சீட்டில் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குத் தலையணை போதவில்லை.

தனுஷ்கோடி தன் அம்பாசிடர் காரின் முன் சீட்டில், டிரைவருக்கு இடது பக்கம், கம்ப்யூட்டரை ஏற்றிக் கிணற்றுக் கயிற்றால் நாலு சுற்று சுற்றிக் கட்டியிருந்தார். அடியில் ஒரு இலவம்பஞ்சுத் தலையணை. அப்படியும் வண்டியை ஸ்டார்ட் செய்தால் மேலே இருக்கும் டி.வி. மாதிரியான பெட்டி, மாட்டேன் மாட்டேன் என்று ஆடியது.

"ராமலட்சுமி, இன்னொரு தலகாணி கொண்டா."

"இருக்கிறது என் தலகாணிதான். நான் எதுல தல வைக்க?" என்றாள் அவர் மனைவி.

"பொண்ணு கல்யாணம் முடியுற வரைக்கும் கைய மடக்கி வச்சுப் படு."

கல்யாணம் என்று சொன்னதும் தலையணை வந்துவிட்டது. இந்தக் கூத்தெல்லாம் அந்தக் கல்யாணத்துக்காகத்தான்.

பாளையம்பட்டியில் தனுஷ்கோடி இருபது வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறார். மகள் சத்யபிரியாவை மல்லாங்கிணறு அருஞ்சுனை வீட்டில் கேட்டு வந்தார்கள். அருஞ்சுனைக்குப் பெரிய பலசரக்குக் கடை. மகன் ராம்குமார் கடையில் இருக்கிறான், தங்கமான பையன். எல்லாம் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, காபியும் குடித்து முடித்த பிறகுதான் அருஞ்சுனை மெதுவாக ஆரம்பித்தார்.

"தையில கல்யாணம். கார்த்திகைக் கடைசியில பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். உங்க பேருக்குக் கீழ தொழில் என்னன்னு போடுறது? டிரைவர்னு போட்டா எங்க சொந்தக்காரவுக ஒரு மாதிரிப் பேசுவாக. வேற எதுவும் இருந்தா யோசிச்சுச் சொல்லுங்க."

தனுஷ்கோடி சரி அண்ணாச்சி என்று சிரித்துத்தான் அனுப்பினார். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற மகளின் பத்திரிகையில் தன் தொழிலே ஒரு குறையாகப் போய்விட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இனி யாரும் தன்னை டிரைவர் என்று கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

யோசனை சொன்னவன் மச்சினன் உதயகுமார். மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். படித்ததை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தான்.

"மச்சான், தொண்ணூத்தி நாலுல உலகமே கம்ப்யூட்டர்தான். பழசு ஒண்ணு விலைக்கு வருது. சாதகம் போடுற புரோகிராம் எங்கிட்ட இருக்கு. கடைக்கு எங்க போக? கார்லயே வச்சுருவோம்."

டிக்கியில் லாரி பேட்டரி ஒன்று, கரண்ட் மாற்றும் பெட்டி ஒன்று, காலடியில் பிரிண்டர். கதவில் 'டாக்ஸி' என்று இருந்த இடத்தில் பெயிண்ட் அடித்து, 'நடமாடும் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்' என்று எழுதியாயிற்று. எழுத்து நீளமாகி, 'நிலையம்' பின் கதவுக்குப் போய்விட்டது.

"முக்கியமான விசயம். செருப்போட யாரும் வண்டியில ஏறக் கூடாது. தூசி பட்டா கம்ப்யூட்டர் படுத்துரும். மதுரையில நாங்களே வெளியதான் கழட்டிப் போடுவோம்" என்றான் உதயகுமார்.

"நானு?"

"நீங்களும்தான்."

"வெறுங்கால்ல கிளட்ச மிதிக்கணுமால?"

"கம்ப்யூட்டர்னா சும்மாவா மச்சான்."

திருச்சுழியைத் தாண்டி, நரிக்குடி ரோட்டில் ஊர்ப்பாதை பிரிகிற ஒரு விலக்கு உண்டு. ஒரே ஒரு வேப்பமரம், அதன் கீழே எப்போதும் கொஞ்சம் ஜனம். கூட்டம் இருக்கும் இடத்தில்தானே தொழில் என்று காலை எட்டரை மணிக்கு வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார் தனுஷ்கோடி. முட்டைக் கூடையோடு நின்ற ஒரு அம்மாள் நேராக அவரிடம் வந்தாள். ஆவுடைத்தாய் என்று பெயர்.

"தம்பி, டவுனுக்கு வாடகைக்கு வருமா?"

தனுஷ்கோடிக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "இது வாடகைக் காரு இல்ல. நான் டிரைவரும் இல்ல. கதவுல எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க."

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏந்தம்பி முட்டை விக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் மரத்தடிக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் ஜாதகம் பார்க்க வந்தவர் கருத்தப்பாண்டி என்ற ஆட்டு வியாபாரி. ஐந்து ரூபாய் கொடுத்தார். பிறந்த நேரம் கேட்டதற்கு, "ஆடு அடையுற நேரம்" என்றார். தனுஷ்கோடி ஒற்றை விரலால் மாலை ஆறு மணி என்று அடித்தார். கம்ப்யூட்டர் பச்சை எழுத்தில் யோசிக்க ஆரம்பித்தது. ஒரு ஜாதகமோ ஆறு ஜாதகமோ, முக்கால் மணி நேரம் யோசிக்கும் என்று உதயகுமார் சொல்லியிருந்தான். அரை மணியில் லாரி பேட்டரியோடு கார் பேட்டரியும் படுத்துவிட்டது. மரத்தடி ஜனம் மொத்தமும் வந்து காரைத் தள்ளிவிட்டது.

மறுநாள் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே ஜாதகம் போட்டார். பேட்டரி தாங்கியது, ரேடியேட்டர் கொதித்துவிட்டது. வண்டி நின்ற இடத்தில் நிற்க என்ஜின் மட்டும் ஓடினால் அந்த ஊர் வெயிலுக்கு வேறென்ன ஆகும்.

மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். விவரத்தை அடித்துவிட்டு, கம்ப்யூட்டர் யோசிக்கிற வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது. காற்றுப் பட்டால் ரேடியேட்டர் கொதிக்காதே. இருநூறு அடி போவதற்குள் பின்னால் கருத்தப்பாண்டி சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தார்.

"என் ராசி நச்சத்திரத்தை வாங்கிக்கிட்டு எங்க போறீக?"

"வந்துருவேன் அய்யா. மிசினு யோசிக்குது."

"அது யோசிக்கிறதுக்கு நீங்க எதுக்கு ஓடுறீக?"

நியாயமான கேள்விதான். அதனால் நான்காம் நாள், விவரம் கொடுத்தவர்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். பின் சீட்டில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள், ஆவுடைத்தாயும் அதில் ஒருத்தி. செருப்பையெல்லாம் மரத்தடியில் கழற்றிப் போடச் சொன்னார். கண்மாய்க் கரை ரோட்டில் ஒரு சுற்று சுற்றலாம் என்று திருப்பினால் பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் கம்ப்யூட்டர் முதலிலிருந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டம் இல்லாத தார் ரோடு, அருப்புக்கோட்டை போகிற ரோடு ஒன்றுதான். அதிலேயே ஓட்டினார். பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று கடைசி ஜாதகத்தைத் துப்பியபோது வண்டி அருப்புக்கோட்டை மார்க்கெட் வாசலில் நின்றது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆறு பேரின் செருப்பும் திருச்சுழிக்கு அப்பால் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. அடி விழப்போகிறது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் ஒருத்தரும் சண்டை போடவில்லை. ஆவுடைத்தாய் ஜாதகத்தை நாலாக மடித்து முட்டைக் கூடையில் செருகிக்கொண்டு, "தம்பி, நேரத்தை மாத்திச் சொல்லிட்டேன்னு நினைக்கேன். சாயந்தரம் அஞ்சு மணிக்கு இங்கனயே வாரேன், திருத்திப் போட்டுக் குடுங்க" என்றாள். மற்ற ஐந்து பேருக்கும் அதே சந்தேகம் இருந்தது.

சாயந்தரம் திருத்தம் போட்டு முடிந்தபோது வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. செருப்பும் அங்கேயே கிடந்தது.

மறுநாள் காலையில் மரத்தடியில் பதினோரு பேர் நின்றார்கள். அத்தனை பேரும் செருப்பை மஞ்சப் பையில் போட்டுக் கையில் வைத்திருந்தார்கள். தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்காத ஜனம், ஒரே நாளில் கம்ப்யூட்டருக்கு என்ன மரியாதை கொடுக்கிறது பார் என்று வீட்டில் போய்ச் சொன்னார். ராமலட்சுமி கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு கேட்டாள்.

தொழில் பிடித்துக்கொண்டது. ஒருவர் ஒரு தடவையோடு நிற்பதில்லை. ஆவுடைத்தாய் தனக்குப் போட்டாள், மூன்று மகள்களுக்குப் போட்டாள், மருமகன்களுக்குப் போட்டாள், இறந்துபோன புருஷனுக்கும் ஒன்று கேட்டாள்.

"போயிட்டவருக்கு எதுக்கும்மா?"

"இருக்கும்போது பாக்கலையே தம்பி. ஒரு ஏக்கம்தான்."

அதையும் போட்டுக் கொடுத்தார். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவரை அரித்தது. காலையில் போட்ட ஜாதகத்தில் சாயந்தரம் பார்த்தால் ஒருத்தர் தவறாமல் எல்லாருக்கும் திருத்தம் இருந்தது. மிஷின்தான் தப்பாகப் போடுகிறது என்று உதயகுமாரிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

"பழைய மிசினு, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்ன உதயகுமார், மதுரை போய் உள்ளே ஏதோ ஒரு புதுத் தகட்டை வாங்கிவந்து மாட்டினான். "இனிமே தப்பே வராது. முக்கால் மணி நேரமும் கிடையாது. அஞ்சு நிமிசம்தான்."

அன்று காலை ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். திருச்சுழிகூட வரவில்லை, அதற்குள் ஆறு ஜாதகமும் அச்சாகி விழுந்துவிட்டது. தனுஷ்கோடி பெருமையோடு வண்டியை ஓரங்கட்டினார்.

"முடிஞ்சிருச்சு. எல்லாரும் எறங்கிக்கிறலாம்."

பின் சீட்டில் ஒருத்தரும் அசையவில்லை. இரு பக்கமும் கருவேலங்காடு.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் ஆவுடைத்தாய். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன தம்பி இது, அரைவேக்காட்டுல எறக்குன சோறு மாதிரி இருக்கு. மனுச வாழ்க்கையில்ல? நிதானமாப் போடணும்ல?"

"பழையபடி போட்டாத்தான் எங்களுக்குத் திருப்தி" என்றார் கருத்தப்பாண்டி. "எனக்கு மார்க்கெட்டு வாசல் வந்தாத்தான் சனி சரியா உக்காருவாரு."

மறுநாள் மரத்தடியிலிருந்து யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தனுஷ்கோடி மச்சினன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, புதுத் தகட்டைக் கழற்றிப் பழையதையே மாட்ட வைத்தார். கூட்டம் திரும்ப வந்துவிட்டது.

கார்த்திகைக் கடைசியில் அருஞ்சுனை வந்தார்.

"பத்திரிகைக்குப் புரூப் வந்துருச்சு. உங்க பேருக்குக் கீழ மட்டும் இடம் விட்டு வச்சிருக்கேன். ஒரு நடை தொழில நேர்ல பாத்துட்டா மனசுக்குத் திருப்தியா இருக்கும்."

"வாங்க அண்ணாச்சி, பாருங்க" என்றார் தனுஷ்கோடி. கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க அதன் மேல் தினமும் ஒரு ஈரத்துண்டு போடுவது வழக்கம். இன்றைக்குச் சம்பந்தி வருகிறாரே என்று ராமலட்சுமி, சரியாகப் பிழியாமல், நல்ல ஈரமாகவே ஒரு புதுத்துண்டைப் போர்த்தி அனுப்பியிருந்தாள்.

அருஞ்சுனை செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். விலக்கில் பதினைந்து பேர் மஞ்சப் பையோடு நின்றார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. முட்டைக் கூடையோடு பக்கத்தில் ஏறி உட்கார்ந்த ஆவுடைத்தாயிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நான் இவருக்குச் சம்பந்தியாகப் போறவன். பத்திரிகையில இவருக்கு என்ன தொழில்னு போடுறதுன்னு பாத்துட்டுப் போக வந்தேன். தினமும் வாரவுக நீங்க. எப்படி?"

"அதுக்கென்ன, நல்லாப் போடுங்க" என்றாள் அவள்.

தனுஷ்கோடி ஸ்விட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் ஒரு தடவை விக்கியது. துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. பச்சையாக ஒரு கோடு வந்தது, புஸ்ஸென்று கொஞ்சம் புகை வந்தது, பிறகு எதுவும் வரவில்லை. மறுபடி போட்டார். கயிற்றை அவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். தலையணையை உருவிப் பார்த்தார். செத்தது செத்ததுதான்.

கண்ணாடியில் அருஞ்சுனையின் முகம் தெரிந்தது. அதை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. சத்யபிரியாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இறங்கி நின்று, கும்பிடுகிற மாதிரி கையைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாரும் மன்னிக்கணும். கம்ப்யூட்டர் போயிருச்சு. இன்னைக்குச் சாதகம் கிடையாது. இனிமேலும் கிடையாது."

ஒருத்தரும் இறங்கவில்லை. வெளியே நின்றவர்களில் இன்னும் இரண்டு பேர் கதவைத் திறந்து உள்ளே நெருக்கினார்கள். கருத்தப்பாண்டி அருஞ்சுனையைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.

அருஞ்சுனைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏம்மா, சாதகம் கிடையாதுங்காரு. பெறகு எதுக்கு எல்லாரும் ஏறி உக்காந்திருக்கீக?"

ஆவுடைத்தாய் முட்டைக் கூடையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "சாதகம் யாருக்கய்யா வேணும், எட்டரை மணி பஸ்ஸு ஆடியோட நின்னு போச்சு, வாடகைக்கு வருமான்னு கேட்டா இவுக கோவிச்சுக்கிறாகன்னு செத்த மனுசனுக்குக்கூடச் சாதகம் போட்டுக்கிட்டுப் போயி வாரோம், நீங்க பத்திரிகையில பஸ்ஸு மொதலாளின்னு போட்டுட்டு, அந்தப் பொட்டிய எறக்கி வைக்கச் சொன்னீகன்னா முன்னாடி இன்னும் ரெண்டு பேரு உக்காரலாம்."