மதிலில் மாமி

எங்கள் மதிலை எப்பாடுபட்டாவது காப்பாற்றுவது என்று முடிவெடுத்தேன். மதிலுக்காக அல்ல, என் நித்திரைக்காக.

நாவற்குடாவில் பஸ் போகும் தெருவைப் பார்த்த கொங்கிரீட் மதில் அது. ஒரு நாள் என் மனைவி வதனி அடுப்புக்கரியால் அதில் பெரிய சதுரம் ஒன்று போட்டாள்.

"இதில உடைச்சு ஜன்னல் வைக்கப் போறன். இடியப்பக் கடை."

"ஆரு புழியிற?"

"நீங்கதான். எனக்குத் தோள் நோ. விடிய நாலு மணிக்கு ஒழும்பினாப் போதும்."

விடியற்காலையிலும் ஒரு நாலு மணி வருகிறது என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். பார்த்ததில்லை. நான் சித்திர வாத்தியார். போன வருஷம் முழுக்க, "கடைக்கு ஒரு போர்ட் கீறித் தாங்க" என்று கெஞ்சினாள். போர்ட் இல்லாவிட்டால் கடை இல்லை என்று நான் பிரஷைத் தொடவேயில்லை. இப்போது ஆள் நேரே மதிலுக்கே வந்துவிட்டாள்.

மேசன் குஞ்சித்தம்பி வந்து அளவெடுத்தார்.

"மறுகா மனம் மாற மாட்டாயே, தங்கச்சி?"

"மாறமாட்டன் அண்ணன். என்ட அம்மா வந்து குறுக்க நிண்டாத்தான் விடுவன்."

உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எனக்கு மூளை பளிச்சென்றது. அவள் அம்மா கண்ணகை இருப்பது செட்டிபாளையத்தில். அந்தப் பக்கம் மாமியின் இடியப்பம் சாப்பிட்டு வளராதவர்கள் இல்லை. இப்போது முழங்கால் நோவு, வியாபாரமும் இல்லை, வெளியே வருவதும் இல்லை. வராவிட்டால் என்ன? நான் கொண்டுவந்து நிறுத்துகிறேன். பெற்ற தாயின் முகத்தில் எந்த மகள் சுத்தியலை வைப்பாள்?

"வதனி, உடைக்கிறதக் கொஞ்சம் தள்ளிப் போடு. மதிலில மாமியக் கீறப் போறன்."

"அம்மாவையா!" கண் கலங்கிவிட்டது. அல்லது கலங்கியது போல இருந்தது. "கீறுறதெண்டா ஒழுங்காக் கீறுங்க. ஒரு மழைக்குக் கழுவுப்படக் கூடா."

அங்கேதான் எனக்கு ரோசம் வந்தது. வாவிக் காற்றில் மதில் உப்புப் பூத்துக் கிடந்தது. கம்பிப் பிரஷால் உப்பையும் பாசியையும் சுரண்டினேன். கழுவினேன். ஈரச் சுவரில் பூசினால் பெயின்ட் கொப்பளித்து உரியும் என்பதால் நன்றாகக் காயவிட்டேன். வெடிப்புகளை அடைத்து அடிப்பூச்சுப் பூசினேன். அதன்மேல் வெளிச்சுவர்ப் பெயின்டில் மாமியைத் தொடங்கினேன். முதுகு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது.

மட்டக்களப்புக்காரனுக்கு வாவியில் பாடும் மீன்மகளைத் தவிர வேறு என்ன தோன்றும்? ஆனால் மாமியை இடுப்புக்குக் கீழே மீனாக வரைந்தால், அவ என்னை உப்புப் போட்டுக் காயவைத்துவிடுவா. ஆகவே முழு மனிசியாகவே வரைந்தேன். பின்னால் வாவி, இரண்டு தோணி.

வதனி வந்து பார்த்தாள்.

"அம்மாட கை வெறுமையா இரிக்கு."

"பூ ஒண்டு குடுக்கவா?"

"அம்மா எந்தக் காலத்தில பூவோட நிண்டவ? இடியப்பத் தட்டக் குடுங்க. ஆவி பறக்கட்டும்."

நியாயமான பேச்சு. ஆவி பறக்கவிட்டேன். எனக்கே பசித்தது.

"இது எத்தின வருஷம் நிக்கும்?"

"பத்து வருஷம் அசையாது!" என்று சொல்லி, நிறமில்லாத வார்னிஷை இரண்டு தரம் பூசினேன்.

குஞ்சித்தம்பி சுத்தியலோடு வந்தார். மாமியைப் பார்த்தார். சுத்தியலைப் பைக்குள் போட்டார்.

"போங்க அண்ணன், அம்மா நிக்கிறா" என்றாள் வதனி.

வென்றுவிட்டேன். அன்று மத்தியானம் ஒரு மன்னனைப் போலத் தூங்கினேன்.

அடுத்த நாள் விடிய ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. "கண்ணகையக்காட இடியப்பம் இஞ்சயா?" பின்னால் ஒரு ஆட்டோ. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்து வந்தார்கள். வதனி கேற்றைத் திறந்து, மாமியின் காலடியில் மேசை போட்டாள். தோள் நோவோடு அவளே புழிந்த இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் ஏற்கெனவே தயார்.

"ஜன்னல்?" என்றேன்.

"கேற் இரிக்கேக்க ஜன்னல் என்னத்துக்கு?"

"அப்ப மதிலை உடைக்கப் போறன் எண்டது?"

"போர்ட் கீறுங்க எண்டு ஒரு வருஷம் கேட்டன், கீறினீங்களா? உடைக்கப் போறன் எண்டன், தேய்ச்சுக் கழுவிக் கீறித் தந்தீங்க."

வரிசையில் முதல் ஆளாக நின்ற குஞ்சித்தம்பி, சுத்தியல் கொண்டுவந்த அதே பைக்குள் இடியப்பப் பார்சலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சிரித்தார். வதனி இடியப்ப உரலை என் கையில் தந்தாள்.

அன்றிலிருந்து நாலு மணிக்கு எழும்பிப் புழிகிறேன். எனக்கிருந்த ஒரே நம்பிக்கை மாரி மழைதான். படம் கரைந்தால் கடையும் கரையும். மாரியும் வந்தது, முற்றத்தில் வெள்ளம் நிற்க அடித்து ஊற்றியது. மழை விட்டதும் டோர்ச்சோடு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

மாமி முகம் கழுவிக்கொண்டு, நேற்றுக் கீறியது போல நின்றா.