ரைட் சார் போட்ட கோடு

இணையதளத்துக்கு விசில் கொடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கே.கே. நகர் காலனியின் ரைட் சார்.

முசிறி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் மின் கட்டண அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இணையதளம் செய்து கொடுத்த எதிர்வீட்டுப் பையன், வேலை கிடைத்துக் கனடாவுக்குப் புறப்பட்டபோது, "யாராவது பாத்துக்குங்க" என்றான். கூட்டத்தில் எல்லோரும் அவரவர் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்ள, ரைட் சார் மட்டும் கையைத் தூக்கினார். அவருக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது.

என் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது என் தலையெழுத்து.

"மவுஸ நீங்க பிடிங்க சார். கண்டக்டர் ஸ்டியரிங்கத் தொடக்கூடாது" என்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். நான் அடித்ததை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் "போலாம், ரைட்" வரும். ஒருமுறை அவசரப்பட்டு அதற்கு முன்பே சேவ் பட்டனுக்குப் போனேன். சட்டைப் பையிலிருந்து நிஜ விசிலை எடுத்து ஊதிவிட்டார். ஒற்றை விசில் என்றால் நிறுத்து, இரட்டை விசில் என்றால் கிளம்பு. என் காது அன்று முழுக்க நின்றே போயிருந்தது.

எதையும் அழிக்கவும் விடமாட்டார். "டிக்கெட் கணக்குத் தாள்ல அழிச்சா செக்கர் சும்மா விடுவாரா? ஒரு கோடு போட்டு, பக்கத்துல எழுதணும். பழசும் படிக்கத் தெரியணும்" என்பார். ஆகவே தண்ணீர் விடும் நேரம் மாறும்போதெல்லாம் பழைய நேரத்தின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புது நேரம். சரியான நேரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிடும்.

"எதுக்கு சார் இவ்வளவு?"

"அந்தப் பையன் நம்பிக் கொடுத்த வண்டிங்க. திரும்பி வந்து கேட்டா, ஒரு கீறல் இல்லாம ஒப்படைக்கணும்."

கம்ப்யூட்டரில் இந்தக் கோடு விழ, அது தொடங்கும் இடத்தில் ஒரு குறி, முடியும் இடத்தில் ஒரு குறி டைப் அடிக்கவேண்டும். குப்பை வண்டி நேரத்தை மாற்றிய அன்று முடிவுக் குறி விட்டுப்போனது. அவரும் கவனிக்காமல் ரைட் கொடுத்துவிட்டார். குப்பை வண்டியில் ஏறிய கோடு எங்கேயும் இறங்கவில்லை. பொங்கல் விழா, பூங்கா, பொருளாளர், செயலாளர் என்று பக்கம் முழுக்க அடித்துக்கொண்டே போய், பக்கத்தின் கடைசி வரியில் இருந்த தலைவர் பெயரில்தான் நின்றது. அடுத்த வாரம் சங்கத் தேர்தல். தலைவர் கட்டிய லுங்கியோடு வந்துவிட்டார்.

"என்னங்க இது, ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே என்னை அடிச்சிட்டீங்க?"

மாலைக் கூட்டத்தில், தளத்தை மூடிவிடலாம், வாட்ஸ்அப் போதும் என்று பேச்சு வந்தது. ரைட் சாரின் முகம் செத்துப்போய்விட்டது. டைப் அடித்தது நான்தான் என்று சொல்ல எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ரைட் கொடுத்தது நாந்தாங்க. அப்புறம் டிரைவரச் சொல்லிப் பிரயோஜனமில்ல. வேணும்னா என்னை மாத்திடுங்க. பையனோட வண்டிய மட்டும் நிறுத்திடாதீங்க."

தலைவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என் பேர் மேல இருக்கற கோட எடுத்தாப் போதும்" என்று முனகிவிட்டு உட்கார்ந்தார். தளம் பிழைத்தது.

போன மாதம் ரைட் சார் மகள் வீட்டோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார். தளத்தில் 'பொறுப்பு' என்ற இடத்தில் கனடாப் பையன் பெயர், அதன் மேல் கோடு, பக்கத்தில் ரைட் சார் பெயர். இனி என் பெயர் வரவேண்டும். அவர் பெயரை அழிக்க மனசு வரவில்லை. படிக்கத் தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டேன். முடிவுக் குறி இருக்கிறதா என்று பார்த்தேன். பின்னால் ஆள் இல்லாதது என்னவோ செய்தது. ஓசூருக்குப் போன் போட்டு, அடித்ததைப் படித்துக் காட்டினேன்.

அவரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு இரட்டை விசில் கேட்டது. சேவ் பட்டனை அழுத்தினேன்.