பவுடர் அண்ணாத்தேயின் ஈரக் கைகள்

செம்பரம்பாக்கம் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடையில்கூட எங்கள் பக்கத்தில் இரண்டு நீர்நிலைகள் வற்றவே இல்லை. இரண்டும் பவுடர் அண்ணாத்தேயின் உள்ளங்கைகள். அவரைப்போல் பேஸ் கிதார் வாசித்தவரும் இந்தப் பக்கத்தில் கிடையாது, அவரைப்போல் வியர்த்தவரும் கிடையாது. இதை நான் எந்த மேடையில் வேண்டுமானாலும் சொல்வேன். டிரம்ஸ் வாசிப்பவனுக்கு யாரும் பேச மைக் தருவதில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

பேஸ் கிதார் எது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசப்ஷன் கச்சேரியில் பின்வரிசையில், டிரம்ஸை ஒட்டி, நாலே நாலு தடிக் கம்பியை வைத்துக்கொண்டு ஒருவர் தும் தும் என்று நின்றுகொண்டிருப்பார். அவர் வாசிப்பது யாருக்கும் தெரியாது. நிறுத்தினால் மட்டும் பாட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அம்பத்தூரில் நாங்கள் நடத்திய மெல்லிசைக் குழுவில் அந்த இடம் அண்ணாத்தேயுடையது. கீபோர்டு வாசித்துக் குழுவைக் கட்டி மேய்த்தவர் மாஸ்டர். வாரநாட்களில் ஆளுக்கொரு வேலை, வாரக்கடைசியில் எல்லோரும் ஒரே வேன்.

அண்ணாத்தேக்கு வேலை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில். அவர் தொட்ட இரும்பு மறுநாள் துருப்பிடித்துவிடும். பளபளவென்று கடைந்து வைத்த சாமான்களில் அவருடைய ஐந்து விரலும் செம்மண் நிறத்தில் பதிந்திருக்கும். மெஷினிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிகள் ஊற ஆரம்பித்தன. விரல் வைத்து வருகை பதிகிற இயந்திரம் அவரை ஒரு மனிதராகவே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் வைத்தால் திரையில் ஈரமான ஒரு வட்டம் வரும், பிறகு இயந்திரம் யோசிக்கப் போய்விடும். செக்யூரிட்டிதான் முகத்தைப் பார்த்து உள்ளே விடுவார்.

இதற்கெல்லாம் அவர் கூச்சப்பட்டார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியவில்லை. "பயத்துல வேர்க்கறவன் வேற, நைனா. எனக்கு ஒடம்புல ஓட்டம் ஜாஸ்தி. குதிரைக்கு வேர்க்குது. கழுதைக்கு வேர்த்து நீ எங்கனா பாத்துகிறியா?" என்பார். கழுதைக்கு வேர்க்குமா வேர்க்காதா என்று எனக்குத் தெரியாததால் என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. அவருடைய எல்லா வாதங்களும் இப்படித்தான், எதிராளிக்குத் தெரியாத இடத்தில் போய் முடியும்.

இரும்பே துருப்பிடிக்கும்போது கிதார் கம்பி என்ன செய்யும்? ஒரு கச்சேரியில் புதிதாக மின்னும், அடுத்த கச்சேரியில் துணி காயப்போடுகிற கம்பிபோல் ஆகிவிடும். கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்தால் பழைய ஓசை வரும் என்று யாரோ சொன்னார்கள். உண்மையிலேயே வந்தது. அன்றிலிருந்து அவர் மனைவிக்குத்தான் சோதனை. "எங்க ஊட்ல அடுப்புல கொதிக்கிறது ரசமா கம்பியான்னு மூடியத் தொறந்து பாத்தாத்தாம்பா தெரியும்" என்று அந்த அக்கா என்னிடம் புலம்பியிருக்கிறார். ஒருநாள் அவர்கள் வீட்டில் ரசம் சாப்பிட்டபோது லேசாக ஒரு இரும்பு வாசனை வந்தது. சத்துதானே என்று இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

பட்டப்பெயர் வந்தது ஆவடியில், ஒரு சர்ச் ஆண்டுவிழாவில். முதல் பாட்டுக்கு முன்னால் உள்ளங்கையில் முகப் பவுடரைக் குவித்து இரண்டு கையையும் பட்டென்று தட்டுவது அண்ணாத்தேயின் வழக்கம். அன்றைக்குக் காற்று அவர் பக்கம் இல்லை. வெள்ளை மேகம் ஒன்று மேடையிலிருந்து எழுந்து, மெதுவாக நகர்ந்து, முன்வரிசையில் இறங்கியது. ஃபாதர் வெள்ளை அங்கியில் இருந்ததால் தப்பித்தார். பக்கத்தில் கறுப்புக் கோட்டில் இருந்த சிறப்பு விருந்தினர் ஒரு நொடியில் பத்து வயது கூடிப்போய் உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் புகை விட்டு ஆரம்பிக்கிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அண்ணாத்தே குனிந்து வணக்கம் சொல்லிவிட்டார்!

பவுடர் இரண்டு பாட்டுக்குத் தாங்கும். மூன்றாவது பாட்டில் அது வியர்வையோடு குழைந்து தோசை மாவுப் பதத்துக்கு வந்துவிடும். எனவே அடுத்த ஏற்பாடாகப் பெடஸ்டல் ஃபேன் வந்தது. அவருக்கென்று யார் தருவார்கள்? முகப்பேரில் ஒரு ரிசப்ஷனில் பந்தியில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைத் தூக்கி வந்து மேடையில் தன் கைக்கு நேராக வைத்துக்கொண்டார். முதலில் பறந்தவை பாடகியின் பாட்டுத் தாள்கள். பிறகு சாம்பார் வாளியோடு பந்தி மேஸ்திரி மேடையேறினார். "ஃபேன எத்துகினு வந்து கச்சேரியா நடத்துறீங்கோ? அங்க ஜனங்க வெந்துகினு கீது!" என்று கத்திக்கொண்டே ஒரு பிளக்கைப் பிடுங்கினார். அது கீபோர்டின் பிளக். மாஸ்டர் வாயைத் திறந்தபடி ஊமைக் கட்டைகளை அமுக்கிக்கொண்டிருந்தார். ஃபேன் மட்டும் ஜோராகச் சுற்றியது.

அப்புறம் கையுறை. கம்பெனியிலிருந்து மெல்லிய வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். பேஸின் ஓசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. இடைவேளையில் ஒரு குட்டிப் பெண் மேடையருகே வந்து, "மேஜிக் மாமா, புறா எப்ப வரும்?" என்று கேட்டாள். அத்தோடு கையுறை போயிற்று. அக்குளுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். அதை முந்தின ராத்திரியே போட்டுக் காயவிட வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்ததாம், அவர் கச்சேரி தொடங்கும்போது அடித்துக்கொண்டு, முடிந்ததும் அதே கையால் பிரியாணி சாப்பிட்டார். "சோத்துல செண்ட் போட்டுகிறானுங்கோ மச்சான், பணக்காரக் கல்யாணம்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

இதுவரை எல்லாம் சிரிப்புதான். ஆனிக் கடைசி முகூர்த்தத்தில், பூந்தமல்லியில்தான் வினை வந்தது.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறுகிறார்கள். நாங்கள் வரவேற்புப் பாட்டு வாசித்துக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை மாமனாரின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார். சரியாக அந்தக் கணத்தில் பாட்டு ஒரு நிறுத்தத்துக்கு வந்தது, நாங்கள் எல்லோரும் நிறுத்தினோம். அண்ணாத்தேயின் இடது கை நிற்கவில்லை. வியர்வையில் வழுக்கிக்கொண்டு தடிக்கம்பியின் மேலே கிதாரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. மண்டபத்தின் நாலு மூலையிலும் ஆளுயர ஸ்பீக்கர். டுர்ர்ர்ர் என்று ஒரு சத்தம்.

குனிந்த மாப்பிள்ளை குனிந்தபடியே நின்றார். பிறகு பெண்ணின் தோழிகள் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள், அவ்வளவுதான், ஆயிரம் பேரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். இரண்டாம் பந்தி உட்காருவதற்குள் அது வீடியோவாக எல்லோருடைய செல்போனிலும் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் மாஸ்டர் போய், "சார், அது கிதார் சார்" என்று கெஞ்சினார். "கிதார்னா மேலருந்து கேக்கணும். இது கீழருந்து கேட்டுச்சே!" என்றார் சித்தப்பா.

வேனில் ஏறியதும் மாஸ்டர் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினார். "அண்ணாத்தே, வர்ற ஞாயித்துக்கிழமை மேனாம்பேட்டுல ஆடித் திருவிழா. அதுல ஒரு வாட்டி வழுக்கினாலும் சரி, அப்புறம் பேஸை என் இடது கை பாத்துக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

கீபோர்டில் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடலாம். நிறையக் குழுக்களில் அப்படித்தான் ஒரு ஆளைக் குறைத்துவிட்டார்கள். அண்ணாத்தேக்கு அது தெரியும். அன்று அவர் வாயிலிருந்து குதிரை, கழுதை எதுவும் வரவில்லை. கிதார் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அம்பத்தூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் இல்லாத மேடையில் பெரிய டிரம்மை மிதிக்கிற என் வலது கால் யாரோடு பேசும் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலையே கிதாரோடு என் வீட்டு வாசலில் நின்றார். முகம் வழக்கம்போல் வெளிச்சமாக இருந்தது.

"மச்சான், கண்டுபுட்ச்சிட்டேன். கோளாறு கையில இல்ல. பாட்டுல கீது."

"பாட்டுலயா?"

"பின்ன? எவனோ ஏசி ரூம்ல குந்திகினு வாசிச்சது. அவன் பாட்டுக்கு ஓடிகினே கீறான். கையத் தொடைக்க எங்கனா ஒரு எடம் உட்டானா? வேர்க்காதவன் போட்ட பேஸு. நான் எதுக்கு அத்த வாசிக்கணும்?"

தன் பேன்ட்டைக் காட்டினார். இரண்டு தொடையிலும் டர்க்கி டவலை வெட்டி, அக்கா அழகாக மடித்துத் தைத்திருந்தார். திட்டம் இதுதான். ஒவ்வொரு பாட்டிலும் பாதி சுரங்களை எடுத்துவிடுவது. எடுத்த இடத்தில் கையைத் துடைத்துக்கொள்வது. துடைத்த கையால் அடுத்ததை அழுத்தமாகப் போடுவது.

"நான் தொடைக்கசொல்ல நீ சும்மா குந்திகினு இராதே. ஒரே ஒரு அடி குடு. அப்பால நான் வந்து வாங்கிக்கறேன்."

அந்த வாரம் முழுக்க என் வீட்டில் தும், தும், தொடை, தும் என்பதே பேச்சாக இருந்தது. பாதி பாட்டைக் காணவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அவர் அவ்வளவு தெம்பாக இருந்தார், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆடி முதல் ஞாயிறு. மதியம் கூழ் ஊற்றியாகிவிட்டது. சாயங்காலமாகியும் காற்று அசையவில்லை. மேடை விளக்குகளின் கீழே நின்றால் எலும்பே வியர்க்கும். பவுடர் டப்பா இல்லாமல் அண்ணாத்தே வந்து நின்றார். மாஸ்டரின் இடது கை கட்டைகளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காத்துக்கொண்டிருந்தது.

முதல் பாட்டு. தும், தும். அண்ணாத்தே கையை எடுத்துத் தொடையில் துடைத்தார். போச்சு, வழுக்கிவிட்டது என்று மாஸ்டர் நினைத்து இடது கையைப் பொத்தென்று இறக்கினார். துடைத்து முடித்த அண்ணாத்தேயும் அதே நேரத்தில் அடுத்த சுரத்தில் வந்து விழுந்தார். இரண்டு பேஸும் இடித்துக்கொண்டன.

"மாஸ்டர்! என் எடத்துல கால வெக்காதே!" ஸ்பீக்கருக்கு மேலே கேட்டது அந்தக் குரல்.

மாஸ்டர் கையைத் தூக்கிவிட்டார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடித்தேன். தும், தும். அண்ணாத்தே துடைத்தார். அந்த வெறும் இடத்தில் என் ஒரே ஒரு அடி விழுந்தது. கீழே ஆடிக்கொண்டிருந்த பையன்கள், எங்கிருந்துதான் அவர்களுக்கு அப்படித் தோன்றியதோ, அந்த இடத்தில் ஒட்டுமொத்தமாக "ஏய்!" என்று கத்தினார்கள். அடுத்த சுற்றிலும் கத்தினார்கள். மூன்றாவது சுற்றில் கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்ததும் "மறுபடியும் போடு நைனா!" என்று கூச்சல். போட்டோம். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் போட்டோம்.

மாஸ்டரின் இடது கை மெல்ல மடியில் இறங்கியது. கடைசிப் பாட்டில் அந்தக் கையில் ஒரு டீ டம்ளர் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது மாஸ்டர் எங்கள் பக்கம் வந்தார். பாராட்டெல்லாம் அவருக்கு வராது. "அடுத்த ஞாயிறு ஆவடி. அஞ்சு மணிக்கு வேன். லேட் பண்ணாதீங்க அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணாத்தே என் டிரம்ஸ் பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். தொடை டவலைப் பிழிந்தார், தண்ணீர் சொட்டியது. "இன்னா மச்சான்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மெய்யாலுமே நல்லா இருந்துச்சா? சும்மா என் மனசுக்காவ சொல்லாதே."

இத்தனை நாளும் இந்த மனிதர் ஒவ்வொரு மேடையிலும் இப்படித்தான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுங்கிக்கொண்டே குதிரையைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. "உன்ன மாதிரி எவனும் வாசிக்க முடியாது அண்ணாத்தே" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார், தொடையிலிருந்த டவலால் அல்ல, சட்டைக் கையால். உடனே நிமிர்ந்து, "அத்தத்தான் நானும் சொல்லிகினே கீறேன், எவன் கேக்குறான்?" என்றார்.

அந்த வருஷம் முடிவதற்குள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பேஸ் வாசிக்கிற இளவட்டங்கள் தொடையில் டவல் துண்டு தைத்துக்கொண்டு மேடையேறினார்கள். எல்லோருக்கும் எலும்புபோல் காய்ந்த கை. துடைக்க ஒன்றுமே இல்லாமல் பக்தியோடு துடைத்தார்கள். அண்ணாத்தே அவர்களைப் பார்த்து, "பாவம், இவனுங்களுக்கு வேர்க்க மாட்டேங்குது" என்று வருத்தப்பட்டார்.

வேலை மாற்றலில் நான் குழுவைவிட்டு வந்து கொஞ்ச காலமாகிறது. அண்ணாத்தே அங்கேதான் இருக்கிறார், அதே பின்வரிசை. நான் இப்போது வேறு வேறு பேஸ்காரர்களோடு உட்காருகிறேன். எல்லோரும் நன்றாக வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.