கட்டிலுக்கு அடியில் கரையான் சார்

டில்லி ஆர்.கே.புரத்தில் வீட்டுக்காரரை விட்டுவிட்டு வீட்டுக் கதவிடம் நலம் விசாரித்த ஒரே மனிதர் கரையான் சார்தான். பூச்சி ஆராய்ச்சி ஆபீஸில் வேலை, பிரம்மச்சாரி. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பிறகுதான் வணக்கம்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமான புதிது. என் மனைவி கமலாவின் அப்பா கும்பகோணத்திலிருந்து ரயிலேற்றி அனுப்பிய கட்டிலுக்கு அடியில் ஒருநாள் கசகசா மாதிரி ஏதோ கொட்டிக் கிடந்தது. பெருக்கினாள். மறுநாளும் கிடந்தது.

கீழ்வீட்டு சர்மாஜி எட்டிப் பார்த்தார். "அரே பையா, தீமக்! ஜலா தோ!" கரையானாம்; கட்டிலைக் கொளுத்தாவிட்டால் கட்டடமே போய்விடுமாம். மராமத்து ஆள் வந்து, தரையைத் தோண்டி மருந்து ஊற்ற வேண்டும் என்றார். நாங்கள் இருந்தது மாடியில். தோண்டினால் சர்மாஜியின் தலைதான் தெரியும்.

கமலா கட்டிலை விட்டு நகரவில்லை. "இதை எரிச்சா நான் ஊருக்குக் கிளம்பறேன்."

குரலில் விளையாட்டே இல்லை. கரையான் சாரிடம் ஓடினேன்.

வந்தவர் நேராகக் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். பூதக்கண்ணாடியில் கசகசாவைப் பார்த்தார்.

"ஆறு பட்டை! இது கரையானோட புழுக்கை ஓய்! எங்கயாவது மண் ஒட்டிண்டிருக்கா? கிடையாது. இந்த ஜாதிக்கு மண்ணே வேண்டாம். காஞ்ச மரத்துக்குள்ளயே குடித்தனம்."

கட்டில் காலில் ஒரு சிராயைப் பெயர்த்தார். உள்ளே கார்க் மாதிரி மழுங்கிய கறுப்புத் தலையோடு ஒரு பூச்சி.

"கிரிப்டோடெர்மிஸ்!" என்று அதன் சாஸ்திரப் பெயரைப் பரீட்சை பாஸான பையன்போலக் கூவினார். "இவன் சிப்பாய். எதிரி வந்தா தலையாலயே வாசலை அடைச்சுண்டு நிப்பான். எங்க சூப்பரின்டென்டென்ட் மாதிரி."

"எரிக்கணுமா மாமா?" என்றாள் கமலா.

"எதுக்கும்மா? மொத்தக் குடும்பமும் இந்தக் கட்டிலுக்குள்ளதான் இருக்கு. டில்லி வெயில் பின்ன எதுக்கு?"

ஜூன் மாதம். கட்டிலைக் கழற்றி மொட்டை மாடியில் பரப்பி, கறுப்புத் தார்ப்பாயால் மூடினோம். மரம் உள்வரை கொதிக்க வேண்டுமாம். காக்காய்கூட உட்காராத அந்த அனலில், தலையில் ஈரத் துண்டோடு அவரே காவல் இருந்தார். "பாகல்!" என்று பைத்தியக்காரப் பட்டம் கட்டிக்கொண்டே சர்மாஜி ஒரு கூஜா லஸ்ஸி கொண்டுவந்தார்.

கட்டில் அறைக்குத் திரும்பியது. கரையான் சார் அடியில் கறுப்புத் துணி விரித்தார். புதுப் புழுக்கை விழுந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அன்றிலிருந்து தினமும் விடிந்தும் விடியாமல் வருவார். புதுத் தம்பதி நாங்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஒதுங்குவோம். அவர் எங்களைக் கவனிக்காமலே கட்டிலுக்கு அடியில் நுழைவார்.

"அச்சா! இன்னிக்கும் சுத்தம்!"

மழைக்காலம் முடிந்தும் துணி சுத்தமாகவே இருந்தது. அவரும் வந்துகொண்டேதான் இருந்தார். கமலா காப்பி வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தாள்.

பிறகு அவருக்கு டேராடூனுக்கு மாற்றலானது. ரொம்ப நாள் வரைக்கும் கமலா விடியற்காலையில் மூன்று டம்ளர் காப்பிதான் கலந்தாள். மூன்றாவதையும் நானே குடித்துவிடுவேன்.