மலைய மறைச்ச தாத்தா

“தாத்தா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. மலைய மறைக்கறீங்க.”

ஆதிமூலம் தள்ளினாரு. சேரோட. ஆனா ஃப்ரேமுக்குள்ளயே.

எழிலுக்கு அழுகையே வந்துடும் போல இருந்துச்சு. கிரிவலப் பாதைல பிரகாஷ் புதுசா கட்டின லாட்ஜுக்கு வெப்சைட் பண்றா. இதான் அவளுக்கு மொத வேலை. போட்டோ பளிச்சுனு வந்தா பிரகாஷோட ஃப்ரெண்டுங்க லாட்ஜ் வேலையும் கிடைக்கும். சொதப்பினா, வீட்ல சொல்றா மாதிரி துணிக்கடைல பில்லு போடப் போணும்.

இந்த நேரத்துல தான் பிரகாஷோட அப்பா இந்த ஆதிமூலம்!

மாடி ரூம எடுக்கப் போனா, கட்டில் ஓரத்துல உக்காந்திருக்காரு. ரேஷன் கார்டுக்கு எடுக்கறா மாதிரி விறைப்பா, கேமராவையே பாத்துக்கினு. டைனிங் ஹால்ல சாம்பார் வாளிக்குப் பின்னாடி அதே மூஞ்சி. பால்கனிலயும்.

“முட்டி வலின்னு சொன்னீங்களே தாத்தா, எப்படி மாடி ஏறினீங்க?”

“வலிக்குது தான்”னாரு. அவ்ளோ தான்.

போட்டோவ எல்லாம் பாத்து பிரகாஷ் தலைல கைய வச்சிக்கினான். “இது லாட்ஜா, முதியோர் இல்லமான்னு கேப்பாங்கம்மா. அவர அழிச்சிடு. ஏஐல ஒரு தட்டு தட்டினா போயிடுமாமே?”

எங்க போவுது? மொத தட்டுல தலை மட்டும் போச்சு, வேட்டி சேர்ல தனியா உக்காந்திருந்துச்சு. அடுத்த தட்டுல அவரு இருந்த எடத்துல ஒரு நாய் வந்துச்சு. நாய அழிச்சா, மலைக்கு ரெண்டு உச்சி!

“யம்மா தாயே, சாமியவே எடிட் பண்ணிட்டியா? ஊர்ல எவனாவது பாத்தா என் தோலை உரிச்சிடுவான்!”னு பிரகாஷ் அலறினான்.

ஒவ்வொண்ணா கையாலயே அழிச்சா. லேப்டாப்ல எடமே இல்ல, அதனால ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணிட்டு, கேமரா கார்டையும் அழிச்சிட்டு, சைஸ கம்மி பண்ணி வெப்சைட்ல ஏத்திட்டா. அப்பாடா!

கிளம்பறப்போ வாசல் கேட்டாண்ட ஆதிமூலம் நின்னுக்கினு இருந்தாரு.

“போட்டோல நானும் வந்தனாம்மா? மூஞ்சி நல்லா தெரியுதா?”

“சூப்பரா தெரியுது தாத்தா”ன்னு வாய் கூசாம சொல்லிட்டு ஸ்கூட்டிய எடுத்துட்டா.

அந்தப் பௌர்ணமிக்கு ரூமெல்லாம் ஃபுல். எழில் காத்துல மெதந்தா.

அப்புறம் ஒரு நாள் காலைல பிரகாஷ் போன் பண்ணான். “அப்பா தூக்கத்துலயே போயிட்டாரும்மா. பேனர் அடிக்கணும். அன்னிக்கு எடுத்தியே, அதுல நல்லதா ஒண்ணு குடு.”

லேப்டாப்ப தூக்கிக்கினு ஓடினா. லாட்ஜ் வாசல்ல பந்தல் போட்டுக்கினு இருந்தாங்க. ஒவ்வொரு போட்டோவா தொறந்தா. காலி சேர். காலி கட்டில். காலி பால்கனி. எல்லாம் அவ்ளோ சுத்தம்.

“சார்... எதுலயும் இல்ல சார். வீட்ல வேற போட்டோ...?”

“ஆதார்ல இருக்கறது தான். அதுல யாரோ மாதிரி இருப்பாரு.” பிரகாஷ் அவளைத் திட்டக்கூட இல்ல. அந்தக் காலி சேரையே பாத்துக்கினு இருந்தான்.

ரூம் பெருக்கற மணியம்மாள் பின்னாடி வந்து எட்டிப் பாத்தா.

“என்னா பாப்பா, ஒண்ணு கூட இல்லியா? செத்தா மாட்டறதுக்கு நல்லதா ஒரு போட்டோ வேணும், பையனாண்ட கேக்க கூச்சமா இருக்குதுன்னு தானே, அந்த மனுசன் அன்னிக்கு நீ போன எடத்துக்கெல்லாம் வந்து வந்து உக்காந்தாரு!”