நீரோவைக் காணோம்

மணியகாரர் ஆறுச்சாமி சட்டைப் பையை மூன்றாவது தடவையாக உதறினார். ஒரு பீடித் துண்டு விழுந்தது. காசு விழவில்லை.

போத்தனூருக்குத் தெற்கே கிணறு வெட்டியபோது கிடைத்த காசு அது. காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அவர் அனுப்பிய நகலைப் பார்த்துவிட்டு, 'ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ. எகிப்தில் அடித்த காசு. நேரில் வருகிறேன்' என்று மெட்ராஸ் மியூசியம் ஆபீசரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. சர்க்கார் சொத்து. தொலைந்தால் மணியம் போய்விடும். கம்பியும் எண்ண வேண்டியிருக்கும். மனைவி சாந்தாமணியைக் கேட்கலாமென்றால் அவளும் வீட்டில் இல்லை.

வாசலில் ஜீப் நின்றது. ஆபீசர் கோபாலசாமி இறங்கியதுமே கையை நீட்டினார்.

"காசு?"

"பொட்டிக்குள்ள பத்திரமா இருக்குதுங்க. சாவிதான் மச்சாங்கிட்ட. அவன் மேட்டுப்பாளையம் போயிட்டானுங்க."

பொய் சொல்ல ஆறுச்சாமிக்கு யோசனையே தேவைப்படாது.

"அதனாலென்ன? டிரைவர், கடப்பாரையை எடு!"

பெட்டி உடைந்தது. உள்ளே பழைய பஞ்சாங்கமும் ஒரு கட்டுப் புகையிலையும் இருந்தன.

"அட, மறந்தே போச்சுங்க! ஊட்டுல திருட்டுப் பயமுன்னு மாரியம்மன் உண்டியல்ல போட்டுப்போட்டனுங்க. அந்தச் சாவி தர்மகர்த்தாகிட்ட. அவரு சத்தியமங்கலத்துக்கு..."

"ஏனுங்க மணியாரரே, நான் இங்கதானுங்களே நிக்கறேன்?"

ஜீப்பைப் பார்க்க வந்த கூட்டத்திலிருந்து தர்மகர்த்தா வரதராஜுலு சாவியோடு முன்னால் வந்தார்.

கோயில் நூறடி தூரம்தான். ஊரே பின்னால் வந்தது.

"காசு மட்டும் இல்லேன்னா, நேரே போலீஸ் ஸ்டேஷன்தான்" என்றார் ஆபீசர்.

ஆறுச்சாமி மனசுக்குள் ஆத்தாளுக்கு ஒரு கிடா நேர்ந்தார். பூட்டு திறந்த சத்தம் கேட்டதும் அதை இரண்டாக்கினார்.

உண்டியல் கவிழ்ந்தது. நயா பைசாக்கள் தரையெங்கும் உருண்டன. கடைசியாக, கறுத்துத் தடித்த காசொன்று 'டொக்'கென்று விழுந்தது.

"நீரோ!" ஆபீசர் கூவிவிட்டார். "இதோ அந்தத் தடித்த கழுத்து! சபாஷ் மணியகாரரே, உங்களைப் போல நேர்மையான ஆளை நான் பார்த்ததே இல்லை. கலெக்டருக்கு எழுதப்போறேன்."

எப்படி வந்ததென்று ஆறுச்சாமிக்கே புரியவில்லை. பிளந்த வாயை மூடிக்கொண்டு, "நம்ம கடமைதானுங்களே" என்றார்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாந்தாமணி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏனுங்க சார், அதை எடுக்காதீங்க! எங்கூட்டுக்காரரு பொய் பேசறதை உடோணும்னு, காத்தால அவரு சட்டைப் பையிலிருந்து எடுத்து நான் வேண்டிப் போட்ட காசுங்க அது!"