ஜிப் அக்காவும் ரெக்சின் பாயின் கோபமும்

உலகத்தில் இதுவரை கோபப்பட்டவர்கள் எல்லாரும் ஒத்திகை பார்த்தவர்கள். அரங்கேற்றம் செய்தவர் தாராவி ரெக்சின் பாய் ஒருவர்தான்.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்கிற தைரியம் அந்தத் தெருவில் யாருக்கும் வரவில்லை. பூர்விகம் திருநெல்வேலிச் சீமை. தொழில், ரெக்சினில் பள்ளிக்கூடப் பை தைப்பது. காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே ஷட்டரோடு சண்டை தொடங்கிவிடும். மழை பெய்தால் மாநகராட்சியின் மேல் கோபம்; பெய்யாவிட்டால் மழையின் மேல் கோபம். ஒரு நாள் டீ நன்றாக இருந்தது என்பதற்காக டீக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு இப்படிப் போடத் தெரியுதுல்லா? அப்ப நேத்து வேணும்னுதானே கெடுத்தே?"

இப்பேர்ப்பட்டவரிடம் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு ஆபீஸ் மாட்டுங்காவில், வீடு டோம்பிவிலியில். மாலை நேர டோம்பிவிலி லோக்கல் ரயிலில் ஏற வேண்டுமானால் உடம்பில் எலும்பு இருக்கக் கூடாது. ஆகையால் கூட்டம் குறையும் வரை பாயின் பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு திட்டு வாங்குவேன். மிதிபடுவதற்குத் திட்டு மேல். தவிர, நான் திட்டு வாங்குவதற்கென்றே பிறந்தவன். யார் எதைச் சொன்னாலும் "கரெக்ட்" என்று சொல்லிவிடுவேன். அதற்கு நேர் எதிராக இன்னொருவர் சொன்னால் அதற்கும் "கரெக்ட்". ஆபீசில் இத்தனை வருஷம் நான் பிழைத்துக் கிடந்தது இந்த ஒரு சொல்லால்தான்.

பாய்க்கு இன்னொரு முகம் உண்டு. அவர் காமிக்ஸ் வரைவார். ரெக்சினில் கோடு போடுகிற பேனாவை வைத்துக்கொண்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து, பற்களைக் கடித்தபடி வரைவார். கதாநாயகி பெயர் ஜிப் அக்கா. தினமும் லோக்கலில் வேலைக்குப் போகிற பெண். அவள் எதிரில் எவனாவது பொய் சொன்னால் அவன் உதட்டில் ஒரு ஜிப் முளைக்கும். அவள் சர்ரென்று இழுத்து மூடிவிடுவாள். மூடாத வாயே இல்லை: வாடகை கேட்கிற வீட்டுக்காரன், கான்டிராக்டர், ஓட்டுக் கேட்டு வருகிறவன். பாயின் கோபம் மொத்தமும் அந்த ஜிப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கதையில் கரெக்ட் அண்ணாச்சி என்று ஒரு பாத்திரம். சட்டை பாதி உள்ளே, பாதி வெளியே. வெயில் காலத்திலும் கையில் குடை. எல்லாப் பக்கத்திலும் ஒரு மூலையில் ரயிலைத் துரத்திக்கொண்டு ஓடுவான். ஒரு பக்கத்திலும் பிடிக்க மாட்டான். ஜிப் அக்கா ரவுடியோடு மோதும்போது இடையில் நின்று இருவருக்கும் "கரெக்ட், கரெக்ட்" என்பான்.

"யாரு பாய் இது?" என்றேன்.

"யாரோ ஒரு கூமுட்டை."

அப்போது என் சட்டை பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் உள்ளே திணித்தேன்.

நான்தான் பக்கங்களைப் போனில் படம் எடுத்துச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்த பதிப்பாளர் அம்மாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. போடுகிறோம் என்றார். சில மாற்றங்கள் மட்டும் வேண்டும் என்றார். அந்தச் செய்தியைப் பாயிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கதவருகில் நின்றுகொண்டு சொன்னேன்.

"பாய், அந்த அம்மா என்ன சொல்றாங்கன்னா, ஜிப் அக்கா பேசுற தமிழ் புரியலையாம். திருநெல்வேலியும் இந்தியும் கலந்து வருதாம்."

"எவ்வளவு வருசமா நாம இதைத்தானவே பேசிக்கிட்டுக் கெடக்கோம்? உமக்குப் புரியுதா, புரியலையா?"

"கரெக்ட். அப்புறம், தாராவின்னா அட்டையில கொஞ்சம் சோகம் வேணுமாம்."

"சோகமா? சோகம் வேணும்னா உம்ம டோம்பிவிலி வண்டியில ஏறச் சொல்லும்!"

"கடைசியில ஜிப் அக்கா எல்லாத்தையும் விட்டுட்டு சொந்த ஊருக்குத் திரும்பிப் போயிடணுமாம்."

பாய் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். வைத்த சத்தத்தில் பக்கத்துப் பட்டறையில் மெஷின் நின்றது.

"எந்த ஊருக்குவே? அவ பொறந்ததே இந்தா பக்கத்துல சயன்ல. அவளை எந்த பஸ்ல ஏத்தி எங்க எறக்கிவிடச் சொல்லுதாவ? வேண்டாம். நானே அச்சடிச்சு நானே விக்கேன்."

இதுதான் எனக்குப் பயம். அச்சடிப்பார், சந்தேகமில்லை. விற்பது யார்? அதற்கு முந்தின வாரம்தான் செம்பூரிலிருந்து ஒரு பெண்மணி வந்து, "இதே பை வேற கலர்ல இருக்கா?" என்று கேட்டிருந்தாள். "பைக்குள்ள புஸ்தகம் வைப்பியளா, கலரை வைப்பியளா?" என்று கேட்டுத் துரத்திவிட்டார். புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டுகிறவனை என்ன செய்வார்? விலையைக் குறைக்கச் சொல்கிறவன் உயிரோடு வீடு திரும்புவானா?

"பாய், யோசிச்சுப் பாருங்க. நீங்களே போட்டா ஊரோடயே சண்டை போடணும். பதிப்பகத்துக்குக் குடுத்தா ஒரே ஒரு அம்மாவோட மட்டும் போட்டா போதும்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன உருப்படியான வாக்கியம் அது. பாய் கத்தரிக்கோலை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, குரலை அவரால் முடிந்த அளவுக்குத் தாழ்த்திக்கொண்டு, அதாவது தெருமுனை வரைக்கும் மட்டும் கேட்கும்படி, சொன்னார்:

"நான் தச்ச பை இந்த ஊர்ல எல்லா ஸ்கூலுக்கும் போவுது. நான் ஒரு ஸ்கூலுக்கும் ஒழுங்காப் போவல. நான் வரைஞ்சதாவது உள்ள போவணும்வே. அதுக்கு எது தோதுன்னு சொல்லும். அவங்ககிட்டயே குடுத்துரவா?"

"கரெக்ட்."

"இல்ல, நானே போடவா?"

"அதுவும் கரெக்ட்தான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அச்சிட முடியாது. சொந்தப் பதிப்பிலும் முடியாது.

மறுநாள் நான் போனபோது போனும் கையுமாக ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். பட்டறையின் மேல்தட்டில் உட்கார்ந்து அந்த அம்மாவோடு தானே பேசினார். கீழே எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பாய் சத்தமில்லாமல் பேசுவதை முதல்முறையாகக் கேட்ட, அதாவது கேட்காத, இசக்கி பயந்துபோனான். இசக்கி அவரிடம் தைக்கிற காரிகர். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது.

"அண்ணாச்சி, மொதலாளிக்கு நெஞ்சு வலியா?" என்றான்.

திடீரென்று மேலே வெடித்தது. பாய் இறங்கி வந்தார். முகம் மெரூன் ரெக்சின் நிறத்தில் இருந்தது.

"கெடையாது. நானே போடுதேன்."

"ஏன் பாய்? என்ன சொன்னாங்க?"

"உமக்கு எதுக்கு? உம்ம வண்டிக்கு நேரமாச்சு, போவும்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வீடு தேடி வந்த பதிப்பகம்! ஒரு முன்கோபத்தில் உதைத்துத் தள்ளிவிட்டாரே! ரயிலில் என் முகத்தைப் பார்த்து ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முழுக்கப் பாயிடம் "கரெக்ட்" என்பதை மிகக் கடுமையான குரலில் சொன்னேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அச்சகத்திலிருந்து தாள்கள் வந்தன. பைண்டரை நம்ப மாட்டார். மெஷினில் தானே தைத்து, ரெக்சின் அட்டை போட்டு, ஓரத்தில் நிஜமான ஜிப் வைப்பதாகத் திட்டம். அந்த ஜிப்பின் தரம் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட ஒரு நாள் கிளம்பிப் போனார். அவசர ஆர்டர் ஒன்றை அனுப்பும் பொறுப்பு இசக்கிக்கு.

பை வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலிப் பை தொங்கிப்போய்விடும் என்பதால், உள்ளே பழைய பேப்பரைக் கசக்கி அடைத்துத்தான் கடைக்கு அனுப்புவார்கள். "வயிறு ஒட்டுன பை என் பட்டறையை விட்டுப் போச்சு, உன் கையை ஒடிச்சிருவேன்" என்பது பாயின் சட்டம். அன்றைக்குப் பழைய பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. மூலையில் அச்சடித்த தாள் மலையாகக் குவிந்து கிடந்தது. இசக்கி சட்டத்தை மதிப்பவன்.

பாயும் நானும் சேர்ந்தே உள்ளே நுழைந்தோம். மூலை காலி. ஜிப் அக்கா மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று ஊரெல்லாம் பைகளின் வயிற்றுக்குள் கசங்கிக் கிடந்தாள்.

"ஏலே, அது புஸ்தகம்லா!"

"புஸ்தகம்னா தச்சிருக்கும்னு நெனச்சேன் மொதலாளி. இது உதிரியாக் கெடந்துச்சு."

பாய் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் உதட்டிலேயே ஜிப் முளைத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் போன் அடித்தது. பைக்குள் தைத்திருந்த துணிச் சீட்டில் பட்டறை நம்பர் உண்டு. சுனாபட்டியிலிருந்து ஒரு பெண்.

"அண்ணே, என் மவன் பையில ஒரு கதைப் பேப்பர் இருந்துச்சு. வீட்டுக்காரன் வாயில ஜிப்பு போட்டுட்டா. அதுக்கப்புறம் என்னாச்சு?"

"பை கிழிஞ்சுதா?"

"இல்லண்ணே."

"அப்ப எதுக்கும்மா போனு?"

வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. வேறொருவர். பிறகு இன்னொருவர். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் அம்மாக்கள் படித்துக் காட்டி, படித்த அம்மாக்கள் கதையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சில நாளில் பட்டறை வாசலிலேயே ஆள் சேர ஆரம்பித்தது. உங்களிடம் அடுத்த பக்கம் இருக்கிறதா, எங்களிடம் முன்பக்கம் இருக்கிறது என்று மாற்றிக்கொண்டார்கள். சுனாபட்டிப் பெண் தன் தாளை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தாள். பாய் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சூட்டைக் கொறைச்சு வச்சுத் தேச்சிருக்கணும்" என்று அதட்டினார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

எல்லாரும் முழுக்கதை கேட்டதால் மறுபடி அச்சடித்து, ஜிப் வைத்துத் தைத்தார். வாங்க வந்தவர்களை முறைப்படி திட்டித்தான் கொடுத்தார். இருந்தும் தீர்ந்துபோனது. இப்போது பட்டறையைத் தொலைவில் கோபர்கைரனேக்கு மாற்றிக்கொண்டு அங்குள்ளவர்களின் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

சமீபத்தில் மாட்டுங்காவில் ஒரு புத்தக விழா. அந்தப் பதிப்பாளர் அம்மா வந்திருந்தார். பாயின் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போனேன்.

"அவருக்கு முன்கோபம்மா. நீங்க சொன்ன மாத்தத்தையெல்லாம்..."

"இல்லையே சார்" என்றார் அவர். "எல்லாத்துக்கும் சரின்னாரே! தமிழை மாத்திக்கோங்கன்னாரு. அட்டையில சோகம் போடுங்கன்னாரு. ஜிப் அக்காவை ஊருக்குக்கூட அனுப்பிடறேன்னாரு. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அந்தக் கரெக்ட் அண்ணாச்சியை எடுத்துடுங்க, கதையில அவனால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னேன். அதுக்குத்தான் சார் அந்தக் கத்து கத்தினாரு."

"என்னன்னு?"

"'அவனால ஒரு பிரயோஜனமும் கெடையாதுதான். ஆனா தெனமும் வாரான்லா? அவன் இல்லாம என் கதை ஓடாது'ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு."

வெளியே வந்து கோபர்கைரனேக்குப் போன் போட்டேன்.

"என்னவே?"

"ஒண்ணுமில்ல பாய். சும்மாதான்."

"சும்மா எதுக்குவே போனு? நேர்ல வந்து தொலைக்க வேண்டியதுதானே?"

"கரெக்ட்" என்றேன். இந்த ஒரு தடவை அதை நிஜமாகவே சொன்னேன்.